வேணாம் என்று சொன்னதைக் கேட்டவள்

எங்கள் தெருவுக்கு முதல் மோட்டார் கார் வந்த அன்று எனக்குத் தலைவலி எதுவும் இல்லை. இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். தெருவே திரண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றது. ஹாரன் சத்தமும் சிரிப்பும் சுவரைத் தாண்டி வந்தன. போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன், அந்த ஆம்பூர் வெயிலில்.

எதிர்வீட்டுக்காரி என் பள்ளித்தோழி. வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே விடுதி. கணக்கை என் சிலேட்டைப் பார்த்துத்தான் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் நான் முன்வரிசையில் நிற்பேன், அவள் பின்வரிசையில் வாயை மட்டும் அசைப்பாள். படிப்பு முடிந்ததும் நான் டீச்சர் டிரெயினிங் போனேன். அவள் போகவில்லை, கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு ஆம்பூர். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்கிறவர். அப்போது பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஒரு மாட்டுவண்டி, ஒரு கிடங்கு, கையெல்லாம் பட்டைத்தூள்.

பிறகு எனக்கும் ஆம்பூர்ப் பெண்பள்ளியிலேயே வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குத் தபால் ஆபீசில் குமாஸ்தா வேலை. அவள் வீட்டுக்கு எதிர்வீடு காலியாக இருக்கிறது என்று அவளே சொல்லி அனுப்பினாள். வந்து குடியேறினோம். அங்கேதான் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

ஊரில் தோல்ஷாப்புகள் பெருகப் பெருக அவர்கள் வீட்டில் ஒவ்வொன்றாக ஏறியது. முதலில் ஓட்டுக்கூரை போய் மாடி வைத்த மெத்தை வீடு. பிறகு வாசலில் இரும்புக் கேட். பிறகு அவள் காதில் சிவப்புக்கல் தோடு. நான் சம்பள நாளன்று அரிசி, பருப்பு, விளக்கெண்ணெய் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் எதிரில் நின்று, "இன்னாடீ, இந்தப் புடவை எனக்கு நல்லா கீதா?" என்று கேட்பாள். நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

அவள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வரும். எனக்கு டைபாய்டு வந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆனாலும் சிலேட்டைப் பார்த்து எழுதியவள் கேட்டுக்குள் நிற்க, எழுதிக்கொடுத்த நான் வெளியே நிற்கிறேனே என்ற எண்ணம் காலையில் பல் விளக்கும்போதே வந்துவிடும்.

பட்டணத்து மோட்டார் கம்பெனி ஒன்றில்தான் அந்தக் காரை வாங்கினார்கள். கரும்பச்சை நிறம், மடிக்கிற துணிக்கூரை. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கம்பெனிக்காரர்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: பட்டை வாங்க மலையடிவாரக் கிராமங்களுக்குப் போக வேண்டும், ரோடு மேடும் பள்ளமுமாக இருக்கும், அதற்குத் தகுந்த வண்டி எது என்று நீங்களே சொல்லுங்கள் என்று. அவர்கள் இந்தக் காரைக் காட்டி, "இது மலையே ஏறும்" என்றார்களாம். அந்த வார்த்தையை அண்ணா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எனக்கு அது பாடமே ஆகிவிட்டது.

மலை ஏறவில்லை. பாலாற்றுப் பக்கத்து மேட்டைக்கூட ஏறவில்லை.

வந்த மறுநாளே நான் பார்த்தேன். காலையில் அண்ணாவும் அவளும் ஏறி உட்கார, தெருவின் மறுகோடி வரைக்கும் வண்டி ராஜா மாதிரி போனது. வளைவில் நின்றது. முன்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை கிளம்பியது. டிரைவர் குதித்து இறங்கி ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருக, கொதிதண்ணீர் பீறிட்டது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கி நடந்து வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பன்னீர் தெளித்த மாதிரி என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி.

அதற்கப்புறம் எனக்கு ஜன்னல்தான் கதி. பள்ளிக்குப் போகுமுன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். டிரைவர் கிணற்றில் தண்ணீர் சேந்தி வந்து ரேடியேட்டரில் ஊற்றுவது, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவது, வண்டி இருமுவது, புகைவது, மாடு கட்டி இழுத்து வருவது. எல்லாம் பார்ப்பேன். பெரிய பட்டை வண்டி மாடுகள் புத்தம்புதுக் காரை இழுத்துக்கொண்டு பஜார் வழியாக வந்த அன்று, உப்புமாவுக்கு ஒருபிடி முந்திரி கூடுதலாகப் போட்டேன். "இன்னா விசேஷம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கோடை லீவு வந்தது. அண்ணா கம்பெனிக்கு ஆள்மேல் ஆள் அனுப்பி, கடைசியில் ஏஜென்ட் ஒருவர் ரயிலேறி வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி. மத்தியான நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை. டிரைவர் தண்ணீருக்குப் போயிருந்தான். என் தோழி பின்கட்டில் விருந்தாளிக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள், எண்ணெய் வாசனை எங்கள் வீடு வரை வந்தது. ஏஜென்ட் காரின் முன்மூடியைத் திறந்து, ஏதோ திருகி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"புது வண்டி இப்படித்தாங்க இருக்கும். ஓட ஓடச் சரியாப் போய்டும்."

"ஓடுனாத்தானேங்க சரியாவும்?" என்றார் அண்ணா.

"கொஞ்சம் பொறுமை வேணும்."

அண்ணா அதிர்ந்து பேசுகிற மனிதர் இல்லை. அன்று அவர் குரல் என் ஜன்னல் வரை கேட்டது. "இந்த வண்டி எனக்கு வேணாம். நான் சொன்ன வேலைக்கு இது ஆவாது. இப்பவே எடுத்துக்கினு போய்டுங்க. இல்ல, ஆளனுப்பி எடுத்துக்குங்க. நான் இனிமே இதத் தொடப்போறதில்ல."

ஏஜென்ட் சிரித்தார். "கோவத்துல பேசறீங்க. வண்டி உங்க கொட்டாயிலயே இருக்கட்டும். நான் மேலிடத்துல கேட்டுட்டு வர்றேன்."

வடையைத் தின்றுவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

அன்று சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிண்ணம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடீ, வண்டியே வேணாம்னு சொல்லிட்டாராமே அண்ணா? எடுத்துக்கினு போய்டுங்கன்னாராமே?"

அவள் முறத்தை அசைக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உனக்கு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? என் காதால கேட்டேன்."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பினேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் போயிருந்தேன்.

கார் கொட்டகையிலேயே கிடந்தது. மழைக்காலம் வந்தது. துணிக்கூரையில் கோழி ஏறி உட்கார ஆரம்பித்தது. அண்ணா வேலூர் போய் ஒரு வக்கீலைப் பார்த்துக் கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டார். கம்பெனியின் பதில் வந்த அன்று இருவரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எப்போதும் அவள் மட்டும்தான் வருவாள். அண்ணா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"புதுசா ஒரு சட்டம் வந்துகீதும்மா, சரக்கு விக்கிறதப் பத்தி," என்று ஆரம்பித்தார். "இன்ன வேலைக்கு வேணும்னு சொல்லி, விக்கறவன் பேச்ச நம்பி வாங்கனா, அந்த வேலைக்கு ஆவற சரக்கத்தான் குடுக்கணுமாம். இல்லாட்டித் திருப்பிக் குடுத்துடலாமாம்."

"அப்போ நல்லதாப் போச்சே," என்றார் என் வீட்டுக்காரர்.

"அங்கதான் சிக்கல். வேணாம்னா சீக்கிரமே வேணாம்னு சொல்லிடணுமாம். சும்மா வெச்சிக்கினு இருந்தா ஒத்துக்கினதா ஆய்டும். ஒத்துக்கினா அப்புறம் நஷ்ட ஈடுதான் கேக்கலாமாம், வண்டியத் திருப்ப முடியாதாம். நான் சொன்னேன், அந்த ஏஜென்ட்டு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். இப்போ அந்த ஆளு, அப்படிச் சொல்லவே இல்லன்றான். டிரைவர் தண்ணி ஊத்தாம ஓட்டி இன்ஜினக் கெடுத்துட்டான், பட்டை வியாபாரிக்கு மோட்டாரப் பத்தி இன்னா தெரியும்னு எழுதியிருக்கான்."

"நீங்க சொன்னப்ப வேற யாரும் இல்லியா?"

என் தோழிதான் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவ கேட்டா."

அடுப்பில் எதுவும் இல்லாவிட்டாலும் நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். நினைவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பச்சைக் கார் கோழிக் கூண்டாகவே எதிரில் நிற்கும். நான் தினமும் பார்க்கலாம். வீட்டுக்காரர் வேறு கூடத்தில் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தார். "பொம்பளைய கோர்ட்டுக்கு இழுக்கறதா? டீச்சர் வேற. ஊர் இன்னா பேசும்?" யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்களை அனுப்பினார்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். வகுப்பில் நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அவள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு எம்மேல வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரியும்டீ," என்றாள். "வண்டி நிக்கறப்பல்லாம் உன் ஜன்னல்தான் முதல்ல தொறக்கும். நான் பாக்கலன்னு நெனச்சியா?"

நான் துணியைக் கீழே வைத்தேன்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு உம்மேல இருந்துச்சி. உன் சிலேட்டத் தொடச்சிடலாம்னு எத்தினி வாட்டி கை வந்துகீது தெரியுமா? அதெல்லாம் இருந்துட்டுப் போவட்டும். உன் வயித்தெரிச்சல நீ வெச்சிக்கோ. கேட்டத மட்டும் வந்து சொல்லு."

"கம்பெனி பதில்ல வேற இன்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அக்கம்பக்கத்துல கீற ஜனங்களும் எங்களாட்டம் விவரம் இல்லாதவங்களாம். சாட்சின்னு யாரக் கூட்டிக்கினு வந்தாலும் எழுதிக் குடுத்த பாடம் ஒப்பிக்கிறவங்களாத்தான் இருப்பாங்களாம்."

போவது என்று அப்போதே முடிவு செய்தேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். இவளை மட்டம் தட்டுவதற்குச் சிறுவயது முதல் உரிமை உள்ளவள் நான். பட்டணத்திலிருந்து தொப்பி போட்டுக்கொண்டு வந்து, இவள் சுட்ட வடையைத் தின்றுவிட்டு, இவளைத் தோற்கடித்துவிட்டுப் போக அந்த ஆள் யார்? அப்புறம், நான் பாடம் ஒப்பிப்பதா? பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

"வர்றேன்," என்றேன். "ஆனா உன் வண்டி நல்ல வண்டின்னெல்லாம் சொல்ல மாட்டேன்."

"நல்ல வண்டி இல்லன்னுதானேடீ கேஸே!" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேலூருக்கு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் பாலாற்றுப் பாலம் கடந்து போனோம். என் வீட்டுக்காரர் முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கருநீலப் பட்டு கட்டியிருந்தாள். நான் வெள்ளைப் புடவை, மெல்லிய கரை. கோர்ட்டில் பேசப்போவது நான், பட்டு அவளுக்கா என்று வழி முழுக்க எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு முன்னால் ரயில்வேயில் இன்ஜின் வேலை பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் முன்னால் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர் அவர். இன்ஜின் இரும்பின் வார்ப்பிலேயே, பெயிண்டுக்கு அடியில், தலைமுடி போல ஒரு விரிசல் இருந்தது என்றார். தண்ணீர் இல்லாமல் சூடானாலும் விரிசல் விழுமே என்று கம்பெனி வக்கீல் விடவில்லை. அதன் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். ஏஜென்ட் சிரித்ததையும் சொன்னேன். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். பட்டணத்துக்காரர், மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, டிரைவர் தண்ணி ஊத்தினதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஊத்துவான். பித்தளைக் குடம். வழிஞ்சி கீழே கொட்டற வரைக்கும் ஊத்துவான்."

"ஏஜென்ட் வந்துட்டுப் போன பிறகு அந்த வண்டி எத்தனையோ முறை வெளியே போயிருக்குமே?"

"போகலீங்க. போயிருந்தா நான் பார்த்திருப்பேன்."

"எந்நேரமும் ஜன்னல்லயே நின்னீங்களா?"

"பள்ளிக்கூடம் போன நேரம் தவிர."

யாரோ சிரித்தார்கள். அவர் விடவில்லை. "உங்க தோழியோட கார். நீங்க ஒரு தடவையாவது அதுல ஏறினீங்களா?"

"இல்லீங்க."

"கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க. நான் போகல."

"ஏன்?"

அவர் ஜட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டே, எனக்கு உதவி செய்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "பொறாமைன்னு சொல்லலாமா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். தோழி மட்டும் நேராக என்னைப் பார்த்தாள்.

"சொல்லலாங்க," என்றேன். "பொறாமைதான்."

கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. வக்கீலும் புன்னகையோடு சொன்னார். "பொறாமை பிடிச்சவங்க சாட்சியைக் கோர்ட்டு எப்படிங்க நம்பும்?"

எனக்கு வகுப்பில் தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் பேசுகிற குரல்தான் வந்தது. "பொறாமை இருந்ததாலதாங்க ஜன்னலை விட்டு நகரல. நகராததாலதான் எல்லாம் பார்த்தேன். நான் பொய் சொல்றதா இருந்தா அவங்களுக்குக் கெடுதலாத்தானேங்க சொல்லணும்? அவங்களுக்கு நல்லது நடக்கறாப்பல நான் எதுக்குங்க பொய் சொல்லப்போறேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஜட்ஜ் பேனாவை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. வந்தபோது எங்கள் பக்கம் வந்தது. ஜட்ஜ் எழுதியிருந்தது இதுதான்: அண்ணா மேடு பள்ளத்துக்கு வேண்டும் என்று கேட்டு, கம்பெனியின் சொல்லை நம்பி வாங்கியிருக்கிறார். விரிசல் விற்கும்போதே இருந்தது. தக்க காலத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று அச்சடித்த காகிதம் ஒன்றை அவர்கள் காட்டியிருந்தார்கள். அது விற்பனை பேசி முடித்த பிறகு வண்டியோடு வந்த காகிதம், செல்லாது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். கம்பெனி காரை எடுத்துக்கொண்டு விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. காரைக் கட்டி இழுத்துப் போனபோது கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டே கொஞ்சதூரம் பின்னால் ஓடியது.

தீர்ப்பில் என்னைப் பற்றியும் ஒரு பத்தி இருந்ததாம். தனக்கு எதிரான உண்மையையும் மறைக்காத சாட்சி, ஆகவே முழுக்க நம்பலாம் என்று. அண்ணா அதை ஊர் முழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பாய் வீட்டு அம்மாக்கள் ஜன்னல் திரையை விலக்கி, "டீச்சரம்மா, அந்த வக்கீல இன்னா கேட்டீங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். சொல்லச் சொல்ல அந்த வக்கீல் இன்னும் கொஞ்சம் திணறினார்.

என் தோழி வருவது குறைந்தது. குழம்புக் கிண்ணம் வேலைக்காரி கையில் வந்தது. பிறகு அதுவும் நின்றது. நான் என்ன செய்தேன் என்று முதலில் புரியவில்லை.

இதற்குள் அவர்கள் வேறு கம்பெனியில் வேறு கார் வாங்கிவிட்டார்கள். இந்தத் தடவை அண்ணா மலையடிவாரத்துக்கே ஓட்டிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வண்டி கறுப்பு. இருமல் இல்லை, புகை இல்லை. காலையில் வழுக்கிக்கொண்டு போய் மாலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜன்னலில் நின்று பார்க்க ஒன்றுமே இல்லை. பழைய எரிச்சல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு, இந்தக் கார் வர வழி செய்தவளே நான்தான் என்ற நினைப்பு வேறு.

ஒரு மழைநாள் பள்ளி விட்டு நடந்துகொண்டிருந்தேன். கறுப்புக் கார் என்னைத் தாண்டிப் போய், சேற்றைப் புடவையில் அடித்துவிட்டு, சற்று தள்ளி நின்றது. பின்கதவு திறந்தது. உள்ளே அவள்.

"ஏறு."

"வேணாம். புடவையெல்லாம் சேறு."

"சீட்டு கெட்டா கெட்டுப் போவுது. ஏறுடீ."

ஏறினேன். வண்டி நகரவில்லை. அவள் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கேஸு எங்களோடது. அலைஞ்சது எங்க வீட்டுக்காரு. ராத்திரி பகல் தூக்கமில்லாம இருந்தது நானு. ஊர்ல யாரக் கேட்டாலும் டீச்சரு, டீச்சரு. கடைக்காரன் எங்கிட்டயே சொல்றான், எதிர்வீட்டு டீச்சராலதான் உங்க கேஸு ஜெயிச்சிச்சின்னு. எனக்கு எவ்ளோ பேஜாரா கீது தெரியுமா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் முடியவில்லை. "வயித்தெரிச்சலா?"

"ஆமா. உனக்கு மட்டுந்தான் வரணுமா?"

"எனக்கு இப்பவும் கீது," என்றேன், ஈரக்கையால் சீட்டைத் தடவிக்கொண்டே. தோல் மெத்தை, மெத்துமெத்தென்று இருந்தது. "இந்த வண்டி ஒருநாளாவது நிக்காதான்னு தினமும் பாக்கறேன்."

"நிக்காது," என்றாள். பிறகு முன்னால் சாய்ந்து டிரைவரிடம், "நேரா வீட்டுக்குப் போவாத. பஜார் வழியாப் போ," என்றாள்.

பஜார் சுற்றுவழி. கடைகளில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நிறைய இருக்கும். கோர்ட்டில் பேசிய டீச்சர் தன் காரில் போவதை நாலு பேர் பார்க்க வேண்டும் அவளுக்கு. எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் சேற்றுப் புடவையை மடித்து மறைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.